காய்ச்சல் விட்டிட்டுதாம்...

வென்ட்வேர்த்வில்லில் மார்கழி வந்தால் ரெண்டு விசயம் நடக்கும். பாதிச் சனம் ஊருக்குப் போகப் பெட்டி கட்டும். மிச்சச் சனத்துக்கு, ஊரில் ஆருக்கோ டெங்கு என்று போன் வரும். வடக்கில் அது மாரி மழைக் காலம். நுளம்புக்குக் கொண்டாட்டம். சிட்னியில் அந்த ஏடிஸ் எகிப்தி நுளம்பு இல்லை, குயின்ஸ்லாந்துப் பக்கம்தான். அதனால் இங்கே இருக்கிற எங்களுக்கு டெங்கு என்றால் போனில் வாற வருத்தம்தான்.

இந்த முறை போன் எங்கட வீட்டுக்கு. அம்மம்மாவுக்கு 78 வயசு, சலரோகமும் பிறஷரும் இருக்கு. நாலாம் நாள் மாமி சொன்னா, "காய்ச்சல் விட்டிட்டுது பிள்ளை, இனிப் பயமில்லை."

"இனித்தான் மாமி கவனம்" என்றேன். பொதுச் சுகாதாரத்தில் மாஸ்டர்ஸ் படிக்கிறதால் அண்டைக்கு வந்த ஒரே லாபம் அதுதான். அம்மம்மாவை உடனே கொண்டு போய் வாட்டில் விட்டார்கள். இப்ப சுகமாக இருக்கிறா.

விசயம் இதுதான். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான், அநேகமாக மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், இரத்தக் குழாய்களில் இருந்து நீர் கசியத் தொடங்கும். அந்த 24 - 48 மணித்தியாலம்தான் கண்டம். சின்னப் பிள்ளைக்கும் அதே கதைதான். ஆனால் வயசாளிகளிடம் அது வெளியில் தெரியாது.

ஏன்? அவர்களுடைய கணக்கு வேறை. வழமையாக 150 பிறஷர் உள்ள ஆளுக்கு 110 வந்தால் பார்க்கிறவர் "நார்மல்" என்பார். உண்மையில் அது பெரிய சறுக்கல். அட்டெனலோல் மாதிரிக் குளிசை போடுகிறவருக்கு நாடித்துடிப்பு கூட வேண்டிய நேரத்திலும் கூடாது. இரத்தத்தின் தடிப்பைக் காட்டுகிற பி.சி.வி. வழமையை விட 20 வீதம் கூடினால் ஆபத்து. இரத்தசோகையால் எப்பவும் 32 இருக்கிற அம்மம்மாவுக்கு 39 வந்தால்? தாளில் பார்க்க நல்ல நம்பர்!

இன்னும் இருக்கு. டெங்குவில் நாலு வகை வைரஸ். ஒண்டு வந்து போன பிறகு வேறொரு வகை தொற்றினால் கடுமையாகிற வாய்ப்புக் கூட. 2017இல் மட்டும் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. வயது கூடக் கூட முதலே ஒரு முறை தொற்றியிருக்கிற சாத்தியமும் கூடும். சலரோகம், இருதய வருத்தம், சிறுநீரக வருத்தம் இருந்தால் இன்னும் பாரம். சேலைன் குறைந்தால் அதிர்ச்சி நிலை, கூடினால் நெஞ்சில் நீர். இந்த இடைவெளி வயசாளிகளுக்கு மிகவும் ஒடுக்கம். சிலருக்குக் காய்ச்சலே பெரிதாக அடிக்காது. சோர்வு, தடுமாற்றம், ஒரு விழுகை, அவ்வளவுதான். அதனால்தான் வயது போனவர்களை வேளைக்கே வாட்டில் சேர்க்கச் சொல்லுகிறார்கள்.

ஊருக்குப் போறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டிக்குள் நுரோஃபென் வைத்து, "காய்ச்சலுக்குப் போடுங்கோ" என்று குடுத்திட்டு வராதேங்கோ. டெங்குவில் அது இரத்தப்போக்கைக் கூட்டும். பனடோல் மட்டும், அளவோடை. இருதயத்துக்கு அஸ்பிரின் போடுகிறவர்கள் அதை உடனே டொக்டரிடம் சொல்ல வேணும், தாங்களாக முடிவெடுக்கக்கூடாது.

தூரத்தில் இருந்தும் ஒண்டு செய்யலாம். சுகமாக இருக்கிறபோதே அவர்களின் வழமையான பிறஷர், பி.சி.வி., பிளேட்லெட், போடுகிற குளிசைப் பெயர்கள் எல்லாம் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டச் சொல்லுங்கோ. ஒரு கொப்பி உங்கட போனிலும் இருக்கட்டும். வயிற்று நோ, விடாத சத்தி, முரசில் இரத்தம், சலம் குறைதல், அந்தரம், மயக்கம், இதில் ஒண்டு வந்தாலும் விடியும் மட்டும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கோ. அங்கே இரவு ஒன்பது மணி என்றால் இங்கே விடியப்புறம் ரெண்டரை. பரவாயில்லை, எழுப்பட்டும்.