இரண்டு விரற்கடை

ஏழாம் வகுப்பில் ஒருநாள் அறிவியல் ஆசிரியர், கல்லையும் இறகையும் ஒரே உயரத்திலிருந்து விட்டால் எது முதலில் தரையைத் தொடும் என்று கேட்டார். கல் என்றேன். வகுப்பு முடியும்வரை பெஞ்சின் மீது நிற்க வைத்தார். இரண்டும் ஒன்றாகத்தான் விழும், கலிலியோ எப்போதோ நிரூபித்துவிட்டார் என்றார். அன்று மாலை மொட்டைமாடியிலிருந்து ஒரு கூழாங்கல்லையும் கோழியிறகையும் போட்டுப் பார்த்தேன். கல் விழுந்த பிறகும் இறகு முற்றத்தின் மேலே தயங்கிக்கொண்டிருந்தது. ஆனால் பரீட்சையில் ஆசிரியர் சொன்னதையே எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது.

சென்ற மாதம் என் மகள் மாடியிலிருந்து வேப்பம்பழத்தையும் வேப்பிலையையும் மாறி மாறிப் போட்டுக்கொண்டிருந்தாள். பழம்தான் முதலில் விழுகிறது என்றாள். “இல்லையம்மா, இரண்டும் ஒன்றாகத்தான் விழும்” என்று என் வாய் தானாகச் சொல்லிற்று. அவள் என்னை வியப்போடு பார்த்தாள். “நான் பார்த்தேனேப்பா.”

முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் சொல்லத் துணியாத வாக்கியம் அது. அன்று இரவு பழைய புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆசிரியர் சொன்னது பொய்யல்ல. ஒரு பொருளின் நிறை இருமடங்கானால் பூமி அதை இழுக்கும் விசையும் இருமடங்காகிறது. அதை அசைப்பதற்கான சிரமமும் அதே அளவு கூடிவிடுகிறது. ஒன்றை மற்றொன்று ஈடுசெய்துவிடுவதால், வேறு தடையேதும் இல்லாதபோது எல்லாப் பொருள்களும் நொடிக்கு 9.8 மீட்டர் வீதம் வேகம் கூடியபடி ஒன்றுபோலவே விழும். அவர் விட்டுவிட்டது ஒரே ஒரு சொல்லை: காற்று.

காற்றின் தடை பொருளின் நிறையைப் பார்ப்பதில்லை. அகலத்தையும் வடிவத்தையும் வேகத்தையும் பார்க்கிறது. வேகம் கூடக்கூடத் தடையும் கூடும். தடையும் எடையும் சமமாகும் கணத்தில் வேகம் அதற்குமேல் வளராது. இதை முற்றுத் திசைவேகம் என்பார்கள். இறகு சற்றுத் தூரம் இறங்குவதற்குள்ளேயே அதை எட்டிவிடுகிறது. கல்லுக்கோ ஒரு மாடி உயரம் போதாது.

இத்தடை இல்லாவிட்டால் இரண்டு கிலோமீட்டர் உயரத்து மேகத்திலிருந்து வரும் மழைத்துளி நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல், நம் தலையில் இறங்கும். காற்று இருப்பதால் பெருந்துளிகூட நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில்தான் வருகிறது. தூறல் 2 மீட்டரில். மழையில் நாம் நனைவதோடு தப்பிப்பது இதனால்தான்.

கலிலியோவைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையான அதிர்ச்சி. 1638இல் வெளிவந்த தம் நூலில் அவர் அரிஸ்டாட்டிலின் கணக்கை மறுக்கிறார். அக்கணக்கின்படி நூறு ராத்தல் குண்டு நூறு முழ உயரத்திலிருந்து தரையைத் தொடும்போது, ஒரு ராத்தல் குண்டு ஒரு முழமே இறங்கியிருக்கும். சோதித்துப் பார்த்தால் சிறிய குண்டு இரண்டு விரற்கடைதான் பின்தங்குகிறது என்கிறார் கலிலியோ. இரண்டும் ஒன்றாக விழும் என்று வாதிடுபவர் அந்த இரண்டு விரற்கடையை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. மாறாக, அதையே பிடித்துக்கொண்டு மேலே போகிறார். நீர் போன்ற அடர்ந்த ஊடகத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகிறது, காற்றில் சிறிதாகிறது, அப்படியானால் ஊடகமே இல்லாத வெற்றிடத்தில் அது இல்லாமலே போகும். வெற்றிடத்தை உண்டாக்கும் கருவி எதுவும் அவர் காலத்தில் இல்லை. கண் கண்ட வித்தியாசத்தின் மீது ஏறி நின்றுதான் கண் காணாத உண்மையை அவர் எட்டிப் பார்த்திருக்கிறார்.

1971 ஆகஸ்டு 2 அன்று, காற்றில்லாத நிலவில் அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் 1.32 கிலோ சுத்தியலையும் 30 கிராம் எடையுள்ள வல்லூறின் இறகையும் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகவே நிலவின் தரையைத் தொட்டன. ஆசிரியர் சொன்னது அங்கே கண்ணுக்கே தெரிந்தது. எங்கள் வீட்டு முற்றத்தில் நான் கண்டதும் உண்மைதான். இரண்டும் உண்மையாக இருக்க இயலும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கண்டதைச் சொல்லுமுன் யாரேனும் வேறு சொல்லியிருக்கிறார்களா என்று தேடும் வழக்கம் அந்த பெஞ்சிலிருந்துதான் எனக்குத் தொடங்கியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை மகளை அழைத்து இரண்டு காகிதங்களைக் கொடுத்தேன். ஒன்றைக் கசக்கி உருட்டச் சொன்னேன். இரண்டையும் சேர்த்து விட்டாள். உருண்டை சட்டென விழுந்தது. விரித்த தாள் ஆடி ஆடி இறங்கியது. “ரெண்டும் ஒரே எடைதானே?” என்று கேட்டாள். காற்றைப் பற்றிச் சொன்னேன். நேற்று நான் சொன்னது தவறு என்பதையும், நீ பார்த்தது சரி என்பதையும் சொன்னேன். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப தண்ணிக்குள்ள போட்டா?” என்றாள்.

பதில் எனக்குத் தெரியும். சொல்லாமல், வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனேன்.