22 கெஜ மண்

கள்ளக்குறிச்சியில் கைவினை என்று யாரிடம் கேட்டாலும் மரச்சிற்பக் கூடத்துக்குத்தான் வழி காட்டுவார்கள். 2021இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலைப்பாடு. காட்டுவதில் நியாயம் இருக்கிறது. நண்பர்கள் நான்கு பேர் காரில் கிளம்பினோம்; அதில் ஒருவர் மட்டும் வேறொரு கைவேலையைப் பார்க்க. வாழப்பாடியில் அன்று ராத்திரி தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) ஆட்டம். மூன்று பேர் சிக்ஸர் பார்க்க வந்தார்கள். நான்காமவருக்கு, அதாவது எனக்கு, பிட்ச் போடுகிற ஆட்கள் மேல்தான் கண்.

அமெரிக்காவில் பெரிய பேஸ்பால் லீக்குக்குக் கீழே 120 அணிகளோடு மைனர் லீக் நடக்கிறது. கோடை வந்தால் கூட்டாளிகள் சேர்ந்து ஊர் ஊராகக் கார் ஓட்டிப்போய் அந்த ஆட்டங்களைப் பார்ப்பார்கள். நம் பக்கத்தில் அதற்குக் கிட்டத்தில் நிற்பது 2016இல் தொடங்கிய டிஎன்பிஎல். கோவை, நத்தம், திருநெல்வேலி சங்கர் நகர், வாழப்பாடி என்று சுற்றுகிற லீக். சென்னைக்குப் போக முடியாதவன் வாசலுக்கே வருகிற ஆட்டம்.

சின்னசேலம், தலைவாசல், ஆத்தூர் என்று சேலம் நெடுஞ்சாலையில் போகும்போது வலப்பக்கம் கல்வராயன் மலையும் கூடவே வருகிறது. ஆத்தூரை நெருங்கினால் குச்சிக்கிழங்குக் காடுகள், ஜவ்வரிசி ஆலைகள். வாழப்பாடியை ஒட்டிய காட்டுவேப்பிலைப்பட்டியில், சுற்றிலும் மலை தெரிய, சேலம் கிரிக்கெட் பவுண்டேஷன் மைதானம். 2020 பிப்ரவரியில் திறந்தார்கள். ராகுல் திராவிட் வந்திருந்தார்.

ஆட்ட நாளில் பிட்ச் பக்கம் வெளியாள் யாரையும் விடமாட்டார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாலே போதும். குனிந்திருந்த ஒருவர் கட்டை விரலால் மண்ணை அழுத்துகிறார், எழுந்து நான்கடி நகர்கிறார், மறுபடி அழுத்துகிறார். பிறகு ரோலர்காரருக்குக் கையசைக்கிறார்.

அந்த விரல்தான் இந்தத் தொழிலின் கருவி. 22 கெஜ நீளம், 10 அடி அகலம். அடியில் ஜல்லி, அதன் மேல் மணல், எல்லாவற்றுக்கும் மேலே களிமண். களியைப் படலம் படலமாகக் கொட்டி, ஒவ்வொன்றையும் நனைத்து உருட்டி ஏற்ற வேண்டும். ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு நன்றாகத் தண்ணீர் விட்டு, அது இறங்க இறங்க ரோலர் ஓட்டுவார்கள். ஈரம் அதிகமாக இருக்கும்போது ஓட்டினால் மண் உருளையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். காய்ந்தபின் ஓட்டினால் எத்தனை டன் ஏற்றினாலும் இறுகாது. இரண்டுக்கும் நடுவில் கிடைப்பது சில மணி நேரம்தான். வெயிலையும் காற்றையும் பார்த்து அதைப் பிடிக்கத் தெரிந்தவர்தான் கைதேர்ந்தவர்.

மண்ணிலும் சாதி உண்டு. கரிசல் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். ஆனால் வெடித்த பாளத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும், பந்து மெதுவாக வரும். செம்மண்ணில் பந்து எழும்பும். சீக்கிரம் உதிரும், சுழற்பந்துக்காரனுக்குக் கொண்டாட்டம். சேப்பாக்கத்தில் இரண்டு வகைப் பிட்ச்சும் இருக்கின்றன. எதில் ஆட்டம் என்று தெரிந்தாலே பாதி ஆட்டத்தை யூகித்துவிடலாம் என்பார்கள்.

இந்த மண்ணைக் கட்டிப்போடுவது பெர்முடா புல். பெயர் என்னவோ கப்பலேறி வந்ததுபோல இருந்தாலும் சாட்சாத் நம் அறுகுதான். காட்டில் தலை காட்டினால் வேரோடு பிடுங்கி வரப்பில் எறிவோமே, அதே புல். இங்கே அதற்கு உரம், தண்ணீர், முடிதிருத்தம் எல்லாம் நடக்கிறது. வேர் அடிமண்ணின் ஈரத்தை உறிஞ்சிக் களியை இறுக்குகிறது. விவசாய வீட்டுப் பிள்ளைகள் இந்த வேலையைச் சட்டென்று பிடித்துக்கொள்வதில் ஆச்சரியமே இல்லை. எந்தச் செடியை எங்கே வாழவிடுவது என்ற கணக்குதான் தலைகீழாகிறது.

பேஸ்பாலுக்கும் மண் இல்லாமல் ஆகாது. புதுப் பந்து வழுக்கும் என்று 1938இல் லீனா பிளாக்பர்ன் என்ற பயிற்சியாளர் நியூஜெர்சிப் பக்கம், டெலவேர் நதிப் படுகையில், ஒரு சேற்றைக் கண்டுபிடித்தார். பெரிய லீக்கின் பந்துகள் இன்றும் அந்தச் சேற்றைத் தேய்த்துத்தான் களத்துக்கு வருகின்றன. எடுக்கும் இடத்தை மட்டும் ரகசியமாக வைத்திருக்கிறார்கள்.

பிட்ச்சில் கோடு போடுவதும் மைதானக்காரர்கள் வேலைதான். அந்த வெள்ளைக் கோட்டின் அருமையை 2023 ஜூன் 13 அன்று சேலம் அணித் தலைவர் அபிஷேக் தன்வர் அறிந்தார். கடைசிப் பந்தை ஒழுங்காக வீசி முடிப்பதற்குள் நோ-பால் மேல் நோ-பாலாகிக் கணக்கில் 18 ரன் ஏறிவிட்டது. ஒரே பந்துக்கு!

ராத்திரி ஆட்டம் நன்றாகவே இருந்தது. இடைவேளையில் நண்பர்கள் ஸ்கோரைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்க, உள்ளே ஆட்கள் ஓடிவந்து பந்துவீச்சாளர் கால் பதிந்த குழிகளைப் பெருக்கி, கோட்டைப் புதுப்பித்துவிட்டு ஓடினார்கள். கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை.

எங்காவது எப்போதாவது தோன்றுகிறது. 2023 செப்டம்பர் 17, கொழும்பில் ஆசியக் கோப்பை இறுதியாட்டம். மழைக்குத் தார்ப்பாய் இழுத்தே ஓய்ந்துபோயிருந்த தொடர். 21 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து இலங்கையை 50 ரன்னுக்குச் சுருட்டிய முகமது சிராஜ், தன் ஆட்டநாயகன் பரிசான 5,000 டாலரை மைதானப் பணியாளர்களுக்கே கொடுத்தார். மறு வருடம் ஐபிஎல் முடிந்ததும் பிசிசிஐ வழக்கமான 10 மைதானங்களின் பணியாளர்களுக்குத் தலா 25 லட்சம் ரூபாயும், கூடுதலாக ஆட்டம் நடந்த 3 மைதானங்களுக்குத் தலா 10 லட்சமும் அறிவித்தது. சின்ன லீக் மைதானங்கள் அந்தப் பட்டியலில் வராது. லீக்கின் ஏணி ஆட்டக்காரனுக்கு மட்டும்தான். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த நடராஜன் டிஎன்பிஎல் வழியாக 2017 ஐபிஎல்லுக்கு 3 கோடிக்கு ஏலம் போனார். அவர் பந்து விழுந்த மண்ணைக் கட்டியவர்கள் மண்ணோடுதான் இருக்கிறார்கள். நடராஜனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். 2023இல் சொந்த ஊரிலேயே ஒரு மைதானம் கட்டிக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கார் கல்வராயன் மலைப் பக்கம் திரும்பியது. கச்சிராயபாளையம், கோமுகி அணை, பிறகு வளைவுகள், வெள்ளிமலை. ஊரை ஒட்டிய மேட்டில் டென்னிஸ் பந்துப் போட்டி. ரோலருக்கு எங்கே போவது? இரண்டு பையன்கள் திமிசுக் கட்டையால் மாறி மாறி இடித்து, சாணம் கரைத்து மெழுகியிருந்தார்கள். சாமையும் கேழ்வரகும் அடிக்கக் களம் தயார்செய்கிற அதே கைப்பழக்கம். வீட்டுப் பெரியவர்கள் செய்வதைப் பார்த்துக் கற்றதுதான் என்றான் அவர்களில் மூத்தவன். சரிவில் உருண்ட பந்தை எடுத்துவரவே ஆள் நிறுத்தியிருந்தார்கள்.

வாழப்பாடியில் பிட்ச்காரர் வேலிக்குப் பின்னால் மறைந்துவிடுகிறார். இங்கே பிட்ச் இடித்த அந்த மூத்தவனே விக்கெட் கீப்பர். பந்து ஒன்று எழும்பாமல் தரையோடு போய் ஸ்டம்பைச் சாய்க்க, வெளியேறிய மட்டையாளன் திட்டியது பந்துவீச்சாளனை அல்ல. “டேய், உன்ன யாருடா அந்த மூலையில இடிக்காம விடச் சொன்னது?” கீப்பர் கையுறையைக் கழற்றாமலே வந்து அந்த இடத்தைக் குதிகாலால் அமுக்கிப் பார்த்தான். மண் மேல் தப்பில்லை, மட்டையை லேட்டாகப் போட்டாய் என்றான். ஆட்டம் பத்து நிமிடம் நின்றது; எங்கள் கூட்டத்திலும் இரண்டு கட்சி உருவாகிவிட்டது.