பினாங்குக்குப் போன வடைப் பேணி

பிரயாணக் கட்டுரை எழுதப் புகுவோர் கண்டவற்றை விரித்துரைத்து உண்டவற்றை மறைத்துவிடுதல் வழக்கம். நாம் அவ்வாறு செய்வதற்கில்லை. 2018 ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் எமது கல்லூரிச் சாரணர் 16 பேரை மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு அழைத்துச் சென்றபோது, அவர்கள் ஆவலோடு எதிர்பார்த்தது கோட்டையையுமன்று, கோவிலையுமன்று. அத்தீவின் தெருவோர உணவையே.

கோலாலம்பூரிலிருந்து வடக்கே நான்கு மணி நேரத்துக்கு மேல் புகையிரதப் பயணம். தைப்பிங் நிலையத்தைக் கடக்கையில், மலாயாவின் முதற் புகையிரதப் பாதை 1885 இல் அங்கிருந்தே போட் வெல்ட் துறைக்கு இடப்பட்டதென்றும், பின்னர் எம்மூரவர் பலர் அந்நாட்டுப் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராயும் நிலைய அதிபராயும் கடமையாற்றினரென்றும் விளக்கினோம். பாதிப்பேர் உறங்கிவிட்டனர். பட்டர்வேர்த்தில் இறங்கிப் பெரிய இரட்டைத் தட்டுப் படகொன்றில் ஏறினோம். அவ்வகைப் படகுகள் பின்னாளில் சேவையினின்று நீங்கிவிட்டன. தீவுக்குப் போகும்போது மாத்திரமே கட்டணம், மீளும்போது இல்லை என அறிந்ததும், "வந்த ஆக்களைத் திருப்பி அனுப்பிறதிலை அவ்வளவு ஆசைபோலை, சேர்" என்றான் ஒருவன்.

1786 இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய கரையிலுள்ள கோர்ன்வாலிஸ் கோட்டை, குயீன் வீதியில் 1833 இல் எழுந்த மகாமாரியம்மன் கோவில், கடலினுள் தூண்கள் நாட்டிச் சீனக் குலத்தவர் கட்டிய மரவீடுகள் ஆகியவற்றை முதலிரு நாட்களிற் கண்டோம். 2008 இல் உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்ட ஜோர்ஜ் டவுன் நகரில் நடந்து திரிவதே இன்பம். கெக் லோக் சீ விகாரையில் 30 மீற்றர் உயர்ந்து நிற்கும் குவான் யின் திருவுருவை அண்ணாந்து பார்த்துக் கழுத்து நொந்தது.

இனி உணவுக்கு வருவோம். 'நாசி கண்டார்' என்னும் சோற்றுணவுக்குப் பெயர் வந்த கதை சுவையானது. நாசி என்பது மலாய் மொழியிற் சோறு. கண்டார் என்பது காவுதடி. தமிழ் முஸ்லிம் வணிகர் சோற்றையும் கறியையும் தடியின் இருபுறமும் தூக்கிச் சென்று துறைமுகத் தொழிலாளருக்கு விற்றனர். தடி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. மாணவர் மீன் குழம்பு, கோழிக் குழம்பு எனப் பல குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவித்து உண்டனர். சைவ போசனக்காரராகிய நாம் வெண்டிக்காயோடும் கோவாவோடும் அமைந்தோம்.

ஒருவன் மட்டும் உண்ணவில்லை. கேட்டபோதெல்லாம், "வயிறு சரியில்லை, சேர்" என்றான். ஆசாரம் பார்க்கிறான்போலும் என்றெண்ணி, அவனுக்காகவே வாழையிலையிற் சைவச் சாப்பாடு போடும் கடையொன்றைத் தேடிச் சென்றோம். அங்கும் தேநீர் மட்டுமே அருந்தினான். சினம் மூண்டது. "போன இடத்து உணவை மதியாதவன் சாரணனோ?" எனப் பலர் முன்னிலையிற் கடிந்துகொண்டோம். அவன் தலை குனிந்து நின்றான்.

அன்றிரவு விடுதியில் அறைகளைப் பார்வையிட்டு வருகையில், இருளிற் கறுமுறுவென ஓர் ஒலி. எலியோ என ஐயுற்று விளக்கைப் போட்டோம். கட்டிலில் அவன் அமர்ந்திருந்தான். மடியில் ஒரு பால்மாப் பேணி. அதனுள்ளே பருத்தித்துறை வடை. மூன்று நாளாக அவனுக்கு அதுவே ஆகாரம்!

"உண்மையைச் சொல்லும், தம்பி" என்றோம். பிரயாணச் செலவுக்காகத் தாயார் கடன் வாங்கியிருக்கிறார். கைச்செலவுக்குத் தந்த 150 வெள்ளியையும் செலவழிக்காது கொண்டுபோய்க் கொடுத்தால் அக்கடனில் ஒரு பகுதியேனும் தீரும் என்றான். எமக்கு நாவெழவில்லை. பகலில் உரைத்த வார்த்தைகளை எவ்வாறு மீட்பது? மன்னிப்புக் கேட்டோம். ஆசிரியர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பது எமது கல்லூரியில் வழக்கமில்லாத காரியமாதலால், அவன் எம்மைவிடக் கூச்சமடைந்தான்.

அணித் தலைவனை அழைத்து, காரணம் சொல்லாமலே, பணமுடையுள்ள பிள்ளையொருவனுக்கு என்ன செய்யலாமென வினவினோம். "விடுங்கோ சேர், நான் பாக்கிறன்" என்றான். காலையிற் பேணியை அவனே தூக்கிவந்து நடுவில் வைத்தான். "ஊர் வடையை ஒளிச்சுத் தின்டது குற்றம். தண்டனையாப் பேணி பொதுச் சொத்து. இண்டைக்கிருந்து சாப்பாட்டுக்குப் பொதுக் காசு; வடை தந்தவர் காசு தரத் தேவையில்லை" என்று தீர்ப்பளித்தான். அரை மணி நேரத்துக்குள் பேணி வெறுமையாயிற்று. ஊர் வடைக்கு அத்தனை பேரும் ஏங்கியிருந்தனர் என்பதை நாம் அறியாதிருந்தோம். நாமும் இரண்டு எடுத்தோம்.

அப்பால் அவன் உண்ட வேகத்தை என்னென்பது! புளியும் மீனும் சேர்ந்த லக்சாவில் இரண்டு கோப்பை. தேங்காய்ப்பாலும் பனிச்சீவலும் கலந்த செண்டோலில் ஒன்று. வீதியோரத்தில் ஒருவர் 'புட்டு மாயம்' விற்றார். அவன் பொதியைப் பிரித்தான். "சேர், இது எங்கடை இடியப்பமெல்லே! சொதி எங்கை?" எனக் கூவினான். தேங்காய்ப்பூவும் பழுப்புச் சீனியும் தூவி உண்பதே அவ்வூர் முறை. சொதியில்லாத இடியப்பத்தை மாணவர் எவரும் முழுமனதாக ஏற்கவில்லையாயினும், ஒரு துண்டும் மிச்சமில்லை.

இறுதி நாளிற் கயிற்றிழுவைப் புகையிரதத்தில் மலையேறினோம். மூடுபனியால் ஒன்றும் தென்படவில்லை.

புறப்படுமுன் எல்லோரும் பினாங்கின் பெயர்பெற்ற சாதிக்காய்ப் பாகு வாங்கினர். கட்டுநாயக்காவிற் பொதிகளைத் திறக்கச் சொன்ன சுங்க அதிகாரி, அவனுடைய பால்மாப் பேணியையும் திறந்து பார்த்தார். மேலே சாதிக்காய், அடியிலே கடுதாசியிற் சுற்றிய 142 வெள்ளி. எட்டு வெள்ளிக்கு என்ன வாங்கினீர் என்று கேட்டோம். "அம்மாவுக்குச் சாதிக்காய், சேர்" என்றான்.