மஞ்சப்பை எடுத்தாச்சு... அப்புறம்?

ஞாயிற்றுக்கிழமை காலை. கவரைப்பேட்டையில் ஒரு கோழிக்கடை. நல்ல கூட்டம். ஒரு கிலோ கறி சொல்லிவிட்டு, கொண்டுவந்திருந்த எவர்சில்வர் டப்பாவை நீட்டினார் அந்தப் பெண். கறி வெட்டிக்கொண்டிருந்த பையன் டப்பாவைப் பார்த்தான். தராசைப் பார்த்தான். அவருக்குப் பின்னால் நின்ற கூட்டத்தையும் பார்த்தான்.

“டப்பாவோட எட போட்டா உங்களுக்குத்தான் நஷ்டம்க்கா. இன்னிக்கு கவர்லயே வாங்கிக்கோங்க.”

வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் கறியை டப்பாவில் கொட்டிவிட்டு, கவரைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். இந்தக் கவரைத் தவிர்க்கத்தானே டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனது?

எல்லாம் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளால் ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் வீட்டுக்குள் எத்தனை பிளாஸ்டிக் வருகிறது என்று எழுதிவரும்படி பள்ளியில் சொல்லியிருந்தார்கள். பால் கவர், ஷாம்பு பாக்கெட், பிஸ்கட் உறை, மாவு பாக்கெட், ஓட்டல் பார்சலில் சாம்பாருக்கு ஒன்று, சட்னிக்கு ரெண்டு என்று மகள் எழுதிக்கொண்டே போனாள். நான்கு நாளிலேயே நோட்டில் ஒரு பக்கம் தீர்ந்துவிட்டது. “இவ்ளோவாம்மா?” என்று அவள் கேட்ட கேள்விக்கு அம்மாவிடம் பதில் இல்லை.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களில் 14 வகைகளுக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1 முதல். 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கியது. ஆனால் பால், தயிர், எண்ணெய், மருந்து போன்றவற்றின் உறைகளுக்குத் தடையிலிருந்து விலக்கு உண்டு. மகளின் பட்டியலில் பாதி அப்படிப்பட்டவைதான். சட்டம் தொடாத அந்தப் பாதியை வீடுதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் வாரம் ஒரே உற்சாகம். மூங்கில் பிரஷ், மரச்சீப்பு, துணிப்பை செட் என்று ஆன்லைனில் ஆர்டர் போட்டார். மூன்று நாளில் பெட்டி வந்தது. உள்ளே குமிழ் குமிழாகப் பிளாஸ்டிக் சுற்றி, அதன் மேல் டேப் ஒட்டி, நடுவில் மூங்கில் பிரஷ்! மாமியார் சிரித்துவிட்டார். “பீரோ மேல பாரும்மா. கல்யாண வூட்ல குடுத்த மஞ்சப்பையே முப்பது கெடக்குது. புதுசா இன்னாத்துக்குப் பை?”

அத்தை விளையாட்டாகச் சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. பருத்தி விளையத் தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும், நெய்ய மின்சாரம் வேண்டும். டென்மார்க் நாட்டின் சுற்றுச்சூழல் துறை 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பருவநிலை பாதிப்பை மட்டும் பார்த்தாலே, ஒரு பருத்திப் பையை 50 முறைக்கு மேல் பயன்படுத்தினால்தான் அது சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். மற்ற பாதிப்புகளையும் சேர்த்தால் அது ஆயிரக்கணக்கில் போகிறது. ஆக, பீரோ மேல் தூங்கும் முப்பது பைகளால் பூமிக்கு லாபமில்லை. ஒரே பை முப்பது மாதம் கடைக்குப் போய்வந்தால் லாபம்.

அடுத்தது உரத்தொட்டி. வாடகை வீடு, மாடிப்படி ஓரம்தான் இடம். காய்கறித் தோலையும் மிச்சச் சோற்றையும் தொட்டியில் போட்டு மூடினார். பத்தாம் நாள் நாற்றம். திறந்தால் புழு. கீழ்வீட்டிலிருந்து ஹவுஸ் ஓனர் அம்மா குரல் கொடுத்தார்: “மேல இன்னா செத்துக் கெடக்குது?”

தவறு எளிமையானது. ஈரக் கழிவு மட்டும் சேர்ந்தால் காற்று போகாமல் அழுகும். ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு காய்ந்த இலையோ தேங்காய் நார்த்தூளோ போட வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் சீக்கிரம் மட்கும். புழுவைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். அதுவும் மட்கவைக்கும் வேலையைத்தான் செய்கிறது. ஆனால் காய்ந்த இலைக்கு எங்கே போவது? தெருமுனை வேப்பமரத்தடியில் சாக்கோடு போய் இலை வாரினார். பார்த்தவர்கள் ஒருமாதிரி பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் தொட்டியின் அடியில் கறுப்பாக, மழை பெய்த மண்ணின் வாசத்தோடு எரு வந்தது. ஹவுஸ் ஓனர் அம்மாவின் ரோஜாச் செடிக்கு முதல் படி போனது. அதற்கப்புறம் கீழிருந்து குரல் வரவில்லை.

எல்லாமே இப்படிச் சுமுகமாக முடியவில்லை. பாத்திரம் தேய்க்கச் சாம்பல் நல்லது என்கிறார்கள். காஸ் அடுப்பு வந்த வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? துணி நாப்கின் வாங்கிப் பார்த்தார். அதை நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். மூன்று குடித்தனத்துக்கும் பொதுவான மொட்டைமாடியில் அது சங்கடமாக இருந்தது. மூன்றாம் மாதம் விட்டுவிட்டார். கணவருக்கு வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். கவரைப்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன்தான். ரயிலில் போனால் பெட்ரோல் மிச்சம், புகையும் மிச்சம். ஆனால் ஷிப்ட் நேரமும் ரயில் நேரமும் ஒத்துப்போவதில்லை. ஸ்டேஷனில் இறங்கியும் கம்பெனிக்குப் போக வண்டி பிடிக்க வேண்டும். ஜெனரல் ஷிப்ட் வாரத்தில் மட்டும் ரயில், மற்ற வாரங்களில் பைக் என்று ஒரு சமாதானம் ஏற்பட்டது.

ஒருநாள் மாமியார் கேட்டார். “சிப்காட்ல எத்தினி கம்பெனி புகை வுடுது. ரோட்ல எத்தினி லாரி ஓடுது. நீ ஒரு கவரு வாங்காததுல இன்னா ஆவப் போவுது?”

மருமகளுக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆலைப் புகையை மஞ்சப்பை தடுக்காது. அதற்கு அரசும் ஆலைகளும்தான் பொறுப்பேற்க வேண்டும்.

பதில் இரண்டு நாள் கழித்து வாசலுக்கே வந்தது. குப்பை வாங்க வரும் தூய்மைக் காவலர் அக்காவின் உள்ளங்கையில் கட்டு. யார் வீட்டுக் குப்பையிலோ உடைந்த கண்ணாடி டம்ளர், சாம்பார் வழிந்த கவருக்குள் கிடந்திருக்கிறது. “எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டிக் குடுக்குறாங்கம்மா. நாங்கதான கையால பிரிக்கணும்? நாப்கினையும் அப்படியே போட்டுர்றாங்க” என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதைத்தான் சொல்லியிருந்தன. மட்கும் குப்பை, மட்காத குப்பை, பல்பு, பேட்டரி, காலாவதி மருந்து போன்ற வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்றன அவை. நாப்கின், டயப்பரைத் தனியாகச் சுற்றித் தர வேண்டும் என்றும் கூறின. விதியாகப் படித்தபோது தொலைவில் இருந்த விஷயம், அந்தக் கட்டைப் பார்த்தபோது வீட்டுக்குள் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் மாமியாரே பழைய நாளிதழை எடுத்துச் சதுரமாக வெட்டி, பாத்ரூம் அலமாரியில் அடுக்கினார். நாப்கினைச் சுற்ற. சுற்றியதும் அடையாளத்துக்கு அதன்மேல் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம்.

பிறகு ஒரு மாதம் நன்றாகவே போனது. அதற்குள் அவருக்குக் காய்ச்சல். மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. நான்காம் நாள் சமையலறைக்கு வந்தவருக்கு அழுகையே வந்துவிட்டது. பார்சல் கவர்கள் மேடையில் மலையாகக் கிடந்தன. பால் கவர்கள் கழுவாமல் நாறின. உரத்தொட்டி கிளறாமல் ஈ மொய்த்தது.

“நீ இல்லாம எங்களுக்கு இன்னா தெரியும்?” என்றார் கணவர்.

“தெரியாது இல்ல. நீங்க யாரும் கத்துக்கல” என்றார் அவர்.

வீட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பால் கவர் கழுவ, குப்பை பிரிக்க, தொட்டி கிளற, இலை வார என்று அதிகாலையில் அரைமணி நேரம் முன்னதாக எழுந்துகொண்டிருந்தது ஒருவர் மட்டும்தான். பசுமை வாழ்க்கை என்று வீடே பெருமைப்பட்டுக்கொண்டது. அதன் வேலை மட்டும் ஒரே ஆளின் தலையில். அந்த ஒருவர் படுத்தால் எல்லாம் படுத்துவிடும்.

அன்று ராத்திரி மகளின் அதே நோட்டில் புதுப் பக்கம் ஒன்று எழுதப்பட்டது. பால் கவர் கழுவிக் காயவைத்துப் பழைய பேப்பர்காரருக்கு எடுத்துவைப்பது மகள். உரத்தொட்டியும் ஞாயிற்றுக்கிழமை கறியும் அப்பா. பைகளை மடித்து வாசல் ஆணியில் மாட்டுவதும், நாளிதழ் வெட்டுவதும் ஆயா. குப்பை பிரிப்பது, அவரவர் போடும்போதே. அம்மாவுக்கு? சமையல் ஏற்கெனவே இருக்கிறது, அது போதும் என்று மகளே எழுதினாள்.

அடுத்த ஞாயிறு டப்பாவோடு கோழிக்கடைக்குப் போனார் கணவர். பையன் அதே பதிலைச் சொன்னான். கம்பெனியில் தினமும் தராசோடு புழங்குகிறவர் அவர். “காலி டப்பாவ மொதல்ல வைப்பா. இந்த பட்டன அழுத்து. ஜீரோ வரும். அப்புறம் கறியப் போடு” என்றார். பையன் அழுத்தினான். ஜீரோ வந்தது. “இவ்ளோதானாண்ணா?” என்று சிரித்தான்.

ஷாம்பு பாக்கெட் இன்னும் அந்த வீட்டில் இருக்கிறது. பைக்கும் ஓடுகிறது. ஆனால் தொட்டியில் மூன்றாவது முறையாக எரு தயாராகிறது. தூய்மைக் காவலர் அக்கா அந்த வீட்டு வாசலில் பையைப் பிரித்துப் பார்ப்பதே இல்லை. அப்படியே வாங்கி வண்டியில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்.