மாட்டுக்கறி வண்டியும் எங்கள் ரத்தமும்

சேரி மக்களின் ஆரோக்கியம் பற்றிப் பேசுகிறவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து பேச்சைத் தொடங்குகிறார்கள். நான் ஆம்பூர்ப் பக்கம் எங்க பெரியம்மா போடுகிற மாட்டுக்கறித் தள்ளுவண்டியிலிருந்து தொடங்குகிறேன்.

வண்டிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள். காலையில் பழையது குடித்துவிட்டுப் போனவர்கள். பெரியம்மா முகத்தைப் பார்த்தே சொல்லிவிடும்: "என்னாடி, கண்ணு வெளுத்துக் கெடக்கு? ஈரல் இருக்குது, தின்னுட்டுப் போ. காசு சம்பளத்தன்னைக்குக் குடு." பிள்ளை பெற்றவளுக்கு எலும்பு ரசம் தூக்குவாளியில் போகும். கடன் கணக்கு எந்த நோட்டிலும் கிடையாது. எல்லாம் அதன் தலைக்குள்தான்.

இதை நாங்கள் வெறும் வயிற்றுப் பிழைப்பு என்றே நினைத்திருந்தோம். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. அரசாங்கம் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறது, நல்லது. ஆனால் கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்பைவிடக் கறியில் இருக்கிற இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்கிறது. ரத்தம் ஊறத் தேவையான பி12 செடிகொடி உணவில் இல்லை. ஆட்டுக்கறி கூலிக்காரர் கைக்கு எட்டாது. அதில் பாதிக்கும் குறைவான விலையில் அந்தச் சத்தைத் தெருமுனைக்குக் கொண்டுவந்து, கடனாகவும் கொடுக்கிறது இந்த வண்டி.

இந்த வண்டிக்கு ஊரில் இடமில்லை. பஸ் ஸ்டாண்டு ஓரம் போட்டபோது ஓர் அலுவலகத்து ஆள் வந்து சொன்னார்: "சிக்கன் போடும்மா, நிக்க விடறேன்." இடம் அடைபடுகிறது என்பதல்ல அவர் பிரச்சினை. கறியின் சாதிதான். எம்.ஏ. வகுப்பில் சங்கப் பாட்டில் வரும் ஊன்சோற்றைத் தமிழர் பண்பாடு என்று சொல்லிக் கொடுத்தார்கள். வகுப்புக்கு வெளியே அதே ஊன் தீட்டு.

2017 மே மாதம், வெட்டுவதற்காகச் சந்தையில் மாடு விற்கக் கூடாது என்று ஒன்றிய அரசு விதி போட்டது. ஒரு வாரத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதற்குத் தடை கொடுத்தது. அந்த நாட்களில் கறி வரத்தில்லாமல் பெரியம்மா வண்டியை எடுக்கவேயில்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்த மாவட்ட நிர்வாகம் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றது. எதிர்ப்புக் கிளம்பியதும், மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளிவைத்தது.

சுத்தமில்லை என்கிறார்கள். பெரியம்மா வீட்டிலிருந்து நாலு குடம் தண்ணி சுமந்து வருகிறது. மூக்கைப் பொத்துகிறவர்கள் யாரும் ஒரு குழாய் போட்டுத் தரவில்லை. அடுப்புப் புகையில் நின்றே அதுக்கு இருமல். முட்டி தேய்ந்துவிட்டது. ஊருக்கு ரத்தம் ஊறவைக்கிறவளின் உடம்பை யார் பார்ப்பது? படித்த நம் பிள்ளைகளோ பொட்டலத்தை நாலு பேப்பரில் சுற்றி, பைக்குள் ஒளித்து எடுத்துப் போகிறார்கள்.

தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014லேயே வந்துவிட்டது. கணக்கெடுத்துச் சான்று கொடுத்து முடிக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அது. நகர விற்பனைக் குழுவில் 100க்கு 40 பேராவது வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிறது. குழாய்த் தண்ணி, கழிவுநீர் வாய்க்கால், கால்நடை மருத்துவர் பார்த்து முத்திரையிட்ட கறி, கந்துவட்டியில்லாத கடன், வண்டி நிற்க இடம் - இவற்றைக் கேட்க மாட்டுக்கறி விற்கிற ஒரு பெண் அந்தக் குழுவில் உட்கார வேண்டும். பெரியம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். மனு எழுதத்தான் ஆள் வேண்டும், தோழர்களே.