பூனையைக் குற்றஞ் சாட்டுமுன்

யாழ்ப்பாணத்து வீடுகளிலே பூனைக்குத் தனி உரிமை உண்டு. நெல்மூட்டை அடுக்கிய அறையிலும், அடுப்படியிலும், கிணற்றுக் கட்டிலும் அது கேட்பாரின்றி உலாவுகின்றது. எலி பிடிக்கும்வரை அது வீட்டுக்கு உறவு. வீட்டில் ஒருவருக்கு வருத்தம் வந்துவிட்டாலோ முதற் பழி அதன் தலையில் விழுகின்றது. சாக்கில் இட்டுக் கட்டித் தொலைவிலுள்ள சந்தையடியில் விட்டுவிடும் வழக்கமும் நம்மிடையே இல்லாமல் இல்லை.

அப்பழி முற்றிலும் பொய்யன்று. பூனை பிறாண்டிய இடத்திற் சிறு கொப்புளமும், அதன் பின்னர் அக்குளிலோ கழுத்திலோ நெறிக்கட்டும், சிலருக்குக் காய்ச்சலும் தோன்றும் நோயொன்றை 1950இல் பாரிஸ் மருத்துவர் றொபேர் தெப்ரே விவரித்தார். 1983இலேதான், வெள்ளிச் சாயமேற்றிய நிணநீர்க் கணுக்களில் நுண்ணிய கோல்வடிவப் பற்றீரியாக்கள் தென்பட்டன. 1992இற் பெயர் பெற்ற ஓர் இனமே இந்நோயின் முதன்மைக் காரணி என்பது பின்னர் தெளிவாயிற்று. அதனை இன்று பாட்டனெல்லா ஹென்செலே என்பர். ஒக்லகோமா ஆய்வுகூடமொன்றில் அதனைப் பிரித்தெடுத்த ஊழியர் டயான் ஹென்சலின் பெயரே அதில் நிலைத்திருக்கின்றது.

அண்மையில் எம் தமக்கையாரின் மகளுக்கு அக்குளில் நெறி கட்டியது. கையிற் பூனை பிறாண்டிய தழும்பும் இருந்தது. அயலவர் சாக்கைத் தேடத் தொடங்கினர். உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் அப்பிள்ளையோ, “மாமா, பூனை துள்ளி விளையாடுதே. அதின்ரை இரத்தத்திலை கிருமி இருக்குமெண்டால் அதுக்கெல்லோ முதல் வருத்தம் வரவேணும்?” என்று கேட்டாள்.

கேள்வி நியாயமானது, விடைதான் வியப்பானது. இப்பற்றீரியா பூனையின் செங்குழியங்களுக்குள்ளே மாதக் கணக்கில் தங்கியிருந்தும், பெரும்பாலும் பூனைக்கு நோயே தோன்றுவதில்லை. தெள்ளுப் பூச்சியே அதனைப் பூனைக்குப் பூனை பரப்புகின்றது. தெள்ளின் எச்சம் நகத்திற் படிந்திருக்க, பிறாண்டும்போது அது மனிதர் உடலிற் புகுகின்றது.

அவ்வாறாயின் பூனையின் குருதியைச் சோதித்தால் உண்மை தெரியாதோ எனலாம். வழிகள் பல; ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு. குருதியைக் கண்ணாடித் தகட்டிற் பூசிச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியிற் பார்ப்பது பழைய முறை. பூனைக்குக் குருதிச்சோகை தரும் வேறொரு நுண்ணுயிர் 1942இல் தென்னாபிரிக்காவில் இவ்வாறே காணப்பட்டது. பாட்டனெல்லாவோ இம்முறையில் எளிதிற் சிக்குவதில்லை.

இரண்டாவது, வளர்ப்பூடகத்தில் வளர்ப்பது. சாதாரணப் பற்றீரியாக்கள் ஓரிரு நாளில் வளர்ந்துவிடும். இதற்கோ குருதி கலந்த ஊடகமும், காபனீரொட்சைட்டு மிகுந்த காற்றும், பல வாரப் பொறுமையும் வேண்டும். அது குருதியில் விட்டுவிட்டுத் தோன்றுவதால், ஒருமுறை வளராமையால் இல்லையென்று துணிய முடியாது.

மூன்றாவது, பிறபொருளெதிரிகளைத் தேடுவது. இது பூனை முன்னொருகால் கிருமியைச் சந்தித்ததைக் கூறுமேயன்றி, இன்று சுமக்கின்றதா என்பதைக் கூறாது. நான்காவது, காரி மல்லிஸ் 1983இற் கண்டு, 1993இல் நோபல் பரிசு பெற்ற பீ.சீ.ஆர். முறை. கிருமியின் மரபுப் பொருளில் ஒரு துண்டை மீண்டும் மீண்டும் இரட்டித்தல் அதன் தந்திரம். முப்பது முறை இரட்டித்தால் ஒன்று நூறு கோடிக்கு மேலாகும். ஆயினும் எடுத்த துளியிற் கிருமி இல்லாவிடின் எதனை இரட்டிப்பது?

ஆதலால் ஆய்வுகூடம் “காணப்படவில்லை” என்று எழுதுவதை “இல்லை” என்று வாசித்தல் தவறு. “உண்டு” என்று வந்தாலும், அப்பூனையே பிள்ளையின் நோய்க்குக் காரணம் என்பது முடிந்த முடிபாகாது. மாணவர் இவ்வேறுபாட்டை உணர்ந்தாற் பாடநூலின் பாதியை உணர்ந்தவராவர்.

வீட்டார் செய்யவேண்டியது எளிது. மிருக வைத்தியரிடம் கேட்டுத் தெள்ளை ஒழிக்க வேண்டும். குட்டிகளிடமே இக்கிருமி மிகுதியாதலால் அவற்றோடு முரட்டு விளையாட்டு ஆகாது. பிறாண்டினாலோ கடித்தாலோ ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடங் கழுவி, தாமதியாது வைத்தியசாலை செல்ல வேண்டும். விசர்நோய் அச்சமும் இந்நாட்டில் உண்டு. உடலெதிர்ப்புக் குறைந்தோர் மேலும் அவதானமாயிருத்தல் வேண்டும்.

மருமகளை வைத்தியர் பார்த்தார். சில வாரங்களில் நெறி வற்றியது. பூனை தெள்ளு மருந்து பெற்று வீட்டிலேயே இருக்கின்றது. அதனைச் சாக்கிற் கட்டி அனுப்பியிருந்தால், தெள்ளு இங்கேயே இருந்திருக்கும். எலிகளும் திரும்பி வந்திருக்கும்.