புள்ளி விழாத தண்ணீர்

2020 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டதும், கனடாவில் வாழும் எமது அண்ணர் ஊரிலுள்ள தம் வீட்டுக்கென ஒரு கார் வாங்கினார். நிறம் கறுப்பு. ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிச் சென்றார். காரைக் கழுவிப் பேணும் பொறுப்பு எம்மைச் சேர்ந்தது. பகலில் வகுப்பறையில் உழைப்பின் மேன்மை பற்றிப் பேசுவோன், மாலையில் அண்ணரின் காருக்கு ஊழியஞ் செய்வதைக் கண்டு எமது மாணவர்கள் நகைத்திருக்கக்கூடும்.

வலிகாமத்துக் கிணற்றுநீரில் கறுப்புக் காரைக் கழுவிப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் ஒவ்வொரு துளியும் காய்ந்து வெள்ளை வளையமாக நிற்கும். குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு இறங்கி, அந்தக் கல்லையும் சிறிது சிறிதாகக் கரைத்தெடுத்துக் கிணற்றுக்கு வருகிறது. துளி காய்ந்ததும் நீர் போய்விடக் கல் மிஞ்சுகிறது. தேநீர்க் கேத்தலின் அடியில் படிவதும் இதுவே. காயுமுன் மெல்லிய துணியால் ஒற்றியெடுத்தால் பாதித் தொல்லை தீரும் என்று அண்ணருக்குச் சொன்னோம். அவருக்கு அது நாட்டுப்புற வைத்தியமாகத் தோன்றியது போலும். அடுத்த கப்பலில் ஒரு கருவி வந்து சேர்ந்தது.

ஓர் உருளைக் கலம். அதனுள் பத்து லீற்றர் அளவில் கடுகு போன்ற பிசின் மணிகள். மணிகள் இரு வகையின. ஒரு வகை நீரிலுள்ள கல்சியம், மகனீசியம், சோடியம் ஆகிய நேர் அயன்களைப் பிடித்துக்கொண்டு ஐதரசன் அயனை விடும். மற்றது குளோரைட்டு, இருகாபனேற்று முதலிய எதிர் அயன்களைப் பிடித்துக்கொண்டு ஐதரொட்சில் அயனை விடும். விடப்பட்ட இரண்டும் கூடி நீராகிவிடுகின்றன. கூடவே வந்த சிறு மானியைக் கிணற்றுநீரில் தோய்த்தால் 610 என்றது; கலத்திலிருந்து வந்த நீரில் 0 என்றது. அந்தப் பூச்சியத்தைக் கண்டபோது எமக்கு ஏற்பட்ட பெருமிதத்தை இங்கே மறைப்பது நேர்மையாகாது.

ஆனால் முழுக் காரையும் அந்நீராலேயே கழுவியது எமது பேதைமை. எமது கிணற்றின் வன்மைக்குப் பத்து லீற்றர் பிசின் ஏறத்தாழ நானூறு லீற்றரோடு களைத்துவிடும். மூன்றாம் முறையே மானி ஏறத் தொடங்கிற்று. வளையங்களும் திரும்பி வந்தன. முதலிற் கிணற்றுநீராற் கழுவி, இறுதி அலசலுக்கு மட்டும் முப்பது லீற்றர் போதும் என்பதைப் பின்னரே அறிந்தோம். களைத்த மணிகளுக்கு அமிலமும் எரிசோடாவும் விட்டு மீண்டும் உயிரூட்டலாமாம். அந்தக் கழிவை எங்கே ஊற்றுவது? எமது வளவில் எதை ஊற்றினாலும் அது போய்ச் சேரும் இடம் கிணறுதான்.

இந்த வித்தையின் மூலம் மண்ணிலிருந்தே கற்றதென்று அறிந்தபோது வியப்புற்றோம். 1850 அளவில் இங்கிலாந்தில் தொம்சன், வே என்போர் அமோனியம் சல்பேற்றுக் கரைசலை மண்ணினூடாக வடியவிட, அடியில் கல்சியம் சல்பேற்று வந்தது. 1935 இல் அடம்ஸ், ஹோம்ஸ் என்னும் இருவர் அக்குணத்தைச் செயற்கைப் பிசினுக்கு ஏற்றினர். மண் நேர் அயன்களைப் பிடித்து வைக்கும். நைத்திரேற்று போன்ற எதிர் அயன்களைப் பெரும்பாலும் விட்டுவிடும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் எமது உழவர் இடும் யூரியாவில் பயிர் உண்ணாது எஞ்சியது நைத்திரேற்றாகி, செம்மண்ணைக் கடந்து, கல்லின் வெடிப்புகளூடாகக் கிணற்றில் இறங்குகிறது. மலக்குழிகளின் கழிவும் அவ்வாறே. நிறமில்லை, மணமில்லை, காய்ச்சினாலும் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது கெடுக்கும்.

ஒருநாள் மாலை, ஒழுங்கை முடக்கில் வசிக்கும் ஆச்சி ஒரு போத்தலுடன் படலைக்கு வெளியே நின்றார்.

"தம்பி, அந்த நல்ல தண்ணியிலை ஒரு போத்தல் தருவியளே? பேரப்பிள்ளைக்கு மாப்பால் கரைக்க."

"ஆச்சி, உது குடிக்கிற தண்ணி இல்லை."

"அப்ப, கார் மட்டுந்தான் குடிக்குமோ?"

தொழிலுக்கான பிசின் அது, கிருமியைக் கொல்லாது, மணிகளுக்கிடையே கிருமி வளரவுங் கூடும் என்றெல்லாம் விளக்கினோம். சொன்னவை யாவும் உண்மை. ஆனால் ஆச்சி கேட்டதற்கு அது விடையன்று. "உள்ளே வாருங்கோ" என்றோம், அவர் வரவில்லை. எமது பாட்டனார் காலத்தில் ஆச்சியின் குலத்தார் இந்த வளவின் துலாவைத் தொட முடியாது. யாராவது அள்ளி ஊற்றும்வரை வெறுங்குடத்துடன் காத்து நிற்க வேண்டும். துலா போய் மின்சாரப் பம்பி வந்துவிட்டது. அவர் நின்ற இடமோ அதே இடம்.

மறுநாள் மானியோடு ஆச்சியின் கிணற்றுக்குச் சென்றோம். 580. எமது கிணற்றிலும் குறைவு என்று ஒரு கணம் ஆறுதலடைந்தோம். நீரில் எவ்வளவு கரைந்துள்ளது என்பதையே அம்மானி ஒருவாறு காட்டும். கரைந்தது எதுவென்று அது சொல்லாது. இரு கிணற்று நீரையும் ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தோம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த நைத்திரேற்று எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். எமது கிணறு அதற்குச் சற்றுக் கீழே. ஆச்சியினது 70 ஐத் தாண்டி இருந்தது. அவருடைய சிறு காணி மூன்று பக்கமும் தோட்டத்தாற் சூழப்பட்டது. ஒரு பக்கத் தோட்டம் எமது குடும்பத்துக்குரியது, குத்தகைக்கு விட்டிருக்கிறோம்.

குழந்தைக்கு இப்போது போத்தல் தண்ணீர் வாங்கிக் கொடுக்கிறோம். அதை ஆச்சி பெற்றுக்கொள்ளும் முகத்தைப் பார்க்க எமக்குக் கூச்சமாயிருக்கிறது. குத்தகைக்காரருடன் உரத்தின் அளவைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறோம். விளைச்சல் குறைந்தால் யார் பொறுப்பு என்று அவர் கேட்பதும் நியாயமே. புதிய பிசினுக்கென அண்ணர் அனுப்பிய பணத்தில் ஆச்சி வீட்டுக் கூரைக்குப் பீலியும் ஒரு தாங்கியும் வாங்கினோம். முதல் மழையைக் கழியவிட்டுப் பிடித்தால் மழைநீரில் சுண்ணாம்பும் இல்லை, உரமும் இல்லை. காய்ச்சி ஆற வைத்துப் பயன்படுத்தலாம்.

அண்ணர் தொலைபேசியில் அழைத்து, காரில் இன்னும் புள்ளி விழுகிறதா என்று வினவினார். மாரி வரும்வரை விழும் என்றோம். பணம் போன வழியையும் சொன்னோம். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பின்பு, தாங்கி எத்தனை லீற்றர் என்று கேட்டார்.